கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவு: பாகத்தை மட்டும் மாற்றுவதா, ரிப்பேர் கிட்டா, புதிய கார்புரேட்டரா?

பழைய பெட்ரோல் லாரியின் கார்புரேட்டர் ஈரமாக இருப்பது தெரிந்ததும், கசியும் பாகத்தை மட்டும் மாற்றலாமா, தேயும் சிறு பாகங்கள் அடங்கிய ரிப்பேர் கிட் வாங்கி முழுவதையும் பிரித்துப் பார்க்கலாமா, கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா என்ற கேள்வி எழுகிறது. செலவைக் கொண்டு இதற்கு விடை தேடுவோர் அதிகம். ஆனால் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வரை இந்த மூன்றையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

என்ஜினோடு இணைந்த குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டு சூடாக இருக்கும்போது அதன் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், கசிவுடன் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூடாது. என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு கார்புரேட்டரின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தி, இக்னிஷனைத் துண்டித்துவிட்டுச் சில விநாடிகள் மட்டும் ஸ்டார்ட்டரைச் சுழற்றி, டார்ச் வெளிச்சத்தில் எந்த இடம் முதலில் நனைகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாய் வந்து சேரும் நட்டைச் சுற்றி ஈரம் இருந்தால் அங்குள்ள வாஷரையும், ஆக்சிலரேட்டர் பம்ப் மூடியின் அடியில் சொட்டினால் டயாஃப்ரத்தையும் (பம்பினுள் உள்ள வளையும் சவ்வு) சந்தேகிக்கலாம். மேல் மூடியும் ஃப்ளோட் சேம்பரும் (பெட்ரோல் தேங்கும் அறை) சேரும் விளிம்பில் கசிந்தால், இரண்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கெட்டிருக்கலாம். அந்த அறையில் மிதக்கும் ஃப்ளோட்டின் மட்டம் அதிகமாக இருந்தாலும் அதே இடத்தில்தான் ஈரம் தெரியும் என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. ஓடும்போது ஒழுங்காக இருந்து, சூடான என்ஜினை நிறுத்திய சில நிமிடங்களில் மட்டும் உள்ளே சொட்டுகிறது என்றால், அது ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதிப்பதால் வருவது. கார்புரேட்டருக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் தடித்த ஸ்பேசர் வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். இதற்காகப் புதிய கார்புரேட்டர் வாங்கியவர்களுக்கு அதிலும் அதே சொட்டுதான் கிடைக்கும்.

பாகத்தை மட்டும் மாற்றும் வழி, காரணம் தெளிவாகத் தெரிந்த இடத்தில் நல்ல வழி. வாஷர், டயாஃப்ரம், நீடில் வால்வு (ஃப்ளோட் உயர்ந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி) ஆகியவற்றைப் பல கார்புரேட்டர்களில் வண்டியிலிருந்து இறக்காமலேயே மாற்றலாம். பெட்ரோல் நிரம்பி வழிகிறது என்றால் நீடிலோடு ஃப்ளோட்டையும் பார்க்க வேண்டும்: பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழிகள் வரும், நுரைப் பொருளால் ஆன ஃப்ளோட் நாளடைவில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால் அதை எடைபோட்டுப் பார்ப்பதே வழி. இந்த முறையின் குறை, ஒரே வயதுடைய மற்ற ரப்பர் பாகங்களும் கேஸ்கெட்டுகளும் அப்படியே இருந்துவிடுவதுதான். மூடியைத் திறந்தாலே பழைய கேஸ்கெட் கிழிந்துபோவது வழக்கம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதாகச் செய்யப்படாத பழைய ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும்.

ஆகவே காரணம் ஒரு வாஷரோடு நிற்காத போதெல்லாம், கிட் போட்டு முழுவதையும் சரிசெய்வதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டும். கார்புரேட்டரின் உடலில் பொறித்திருக்கும் எண்ணையோ, ஸ்க்ரூவோடு தொங்கும் தகட்டில் உள்ள எண்ணையோ கொண்டுதான் கிட் வாங்க வேண்டும். ஒரே கிட்டில் வெவ்வேறு மாடல்களுக்கான கேஸ்கெட்டுகள் கலந்து வருவதுண்டு என்பதால், பழைய கேஸ்கெட்டின் மேல் புதியதை வைத்து ஒவ்வொரு துளையாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்; ஒரு துளை அடைபட்டால் கசிவு நின்று என்ஜின் இழுக்காமல் போகும். மூடியின் விளிம்பில் நேரான இரும்பு அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் உலோகம் வளைந்திருப்பது தெரிந்துவிடும். கசிகிறதே என்று முன்பு யாரோ ஸ்க்ரூவை மேலும் மேலும் இறுக்கியதாலேயே பல மூடிகள் வளைகின்றன. கேஸ்கெட்டில் பசை தடவும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்; பசை பெட்ரோலில் கரைந்து ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை) அடைக்கும். பெரும்பாலான கிட்டுகளில் ஃப்ளோட் இருக்காது, தனியாக வாங்க வேண்டும்.

கிட்டினால் தீராத கசிவும் உண்டு. 1965 முதல் 1990 வரை ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் என்ற கார்புரேட்டரில், சேம்பரின் அடியில் உள்ள அடைப்பான்கள் தளர்ந்து, வண்டி நிற்கும்போது பெட்ரோல் மெல்ல மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும். பெட்ரோலைத் தாங்கும் எபாக்ஸியால் அவற்றை மூடுவது பலகாலமாக நடந்துவரும் வைத்தியம்.

மாற்றிவிடும் வழிக்கு இடமுள்ளது உடல் விரிசல் விட்டிருக்கும்போதும், வளைவைச் சமன்செய்ய முடியாதபோதும், த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுழலும் தண்டு) தேய்ந்து காற்று புகுந்து ஐடிலிங் சீராக இல்லாதபோதும்தான். பழையதைக் கொடுத்து, புதுப்பித்த கார்புரேட்டரை வாங்கும் ஏற்பாடு கேட்பதற்கு எளிது. ஆனால் வருவது பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து உருவானதாக இருக்கலாம், அதன் ஜெட் அளவுகள் உங்கள் என்ஜினுக்கு ஒத்துவராமல் போகலாம், கைவிட்டுப் போன அசல் கார்புரேட்டரோ திரும்பி வராது. முற்றிலும் புதியது வாங்கினால் சோக், வேக்யூம் குழாய்கள், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டியில் அதன் இணைப்புக் கம்பி எல்லாம் பொருந்துகின்றனவா என்று வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பெட்ரோல் பம்பின் அழுத்தத்தை அளக்காமல் விடக் கூடாது. பெரும்பாலான பழைய வண்டிகளின் கார்புரேட்டருக்கு ஏறத்தாழ 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை போதும். அதைவிடக் கூடினால் புதிய நீடிலையும் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். டேங்கின் துரு வந்து நீடிலின் நுனியில் உட்கார்ந்தாலும் அதே நிலைதான் என்பதால் ஃபில்டரையும் அதே நாளில் மாற்றுவது நல்லது. பெட்ரோல் உள்ளே வழிந்திருந்த வண்டியில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும்; பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றிய பிறகே என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.