பனியில் சிக்கிய இரு கப்பல்கள், இரு தலைமைகள்

துருவ ஆய்வாளர்கள் இருவரின் கதை இது: 1913ஆம் ஆண்டில் ஸ்டெஃபான்சனின் ‘கார்லுக்’ கப்பல் வடதுருவக் கடலிலும், 1915ஆம் ஆண்டில் ஷாக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ தென்துருவக் கடலிலும் பனியில் சிக்கின.

வேட்டைக்குச் சென்று வருவதாகச் சொல்லி, ஸ்டெஃபான்சன் ஐவருடன் இறங்கிச் சென்றபின் பனி கப்பலை இழுத்துச் சென்றுவிட்டது. அதைத் தற்செயல் என்றே கொண்டாலும், அதன்பின் அவர் 1918 வரை தமது ஆய்வுப் பயணத்தையே தொடர்ந்தார் என்பதை எளிதில் கடந்துவிட முடியவில்லை. உதவி தேடிப் பனிமேல் சைபீரியா வரை நடந்தவர் கப்பல் தலைவர் பார்ட்லெட். 11 பேர் இறந்தனர்.

ஷாக்கிள்டனின் கப்பல் நொறுங்கியபோது, கதகதப்பான மான்தோல் உறக்கப்பைகள் எல்லோருக்கும் போதவில்லை. சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் தோல்பைகள் சாதாரண மாலுமிகளுக்கே போய்ச் சேர, ஷாக்கிள்டனுக்கும் பெரும்பாலான அதிகாரிகளுக்கும் கம்பளிப் பைகளே வாய்த்தன. (குலுக்கலில் ஏதோ சூட்சுமம் இருந்ததாக மாலுமி ஒருவரே பின்னர் எழுதினார், இப்படிப்பட்ட மோசடியை யார்தான் வெறுப்பார்கள்?) பின்னர் எலிஃபன்ட் தீவை நோக்கிச் சென்ற படகில், கையுறையைத் தொலைத்த புகைப்படக்காரர் ஹர்லிக்கு ஷாக்கிள்டன் தம்முடையதைக் கழற்றிக் கொடுத்து, தம் விரல்கள் பனியில் மரத்துப்போக விட்டார். அங்கிருந்து ஐவருடன் உதவி தேடிச் சென்றவர், 1916 ஆகஸ்டில், நான்காவது முயற்சியில், தீவில் காத்திருந்த 22 பேரையும் மீட்டார். கப்பலில் இருந்த 28 பேரும் உயிர் பிழைத்தனர்.

ஷாக்கிள்டன் புகழாசை அற்றவர் அல்லர். அண்டார்க்டிகா கண்டத்தின் மறுகரையில் அவருக்காக உணவுக் கிடங்கு அமைத்த குழுவில் 3 பேர் மாண்டதும் அவர் கணக்கில்தான் சேரும். ஆனால் கண்டத்தைக் கடக்கும் கனவை அவர் கப்பலோடு விட்டுவிட்டார். ஸ்டெஃபான்சனோ தம் கனவை விடவில்லை. புதிய தீவுகளையும் கண்டறிந்தார்.