சென்டர் பேரிங் போனால்: பேரிங் மட்டுமா, முழு செட்டா, ஷாஃப்டே புதுசா?

கம்பத்தில் இருந்து குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ வண்டன்மேடு, அணக்கரை, புளியன்மலை பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் வண்டிகளைப் பாருங்கள். பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னும் விடாமல் ஓடும் பழைய சுமோ, எல்லாமே பின்சக்கரத்துக்கு இழுவை போகிற வண்டிகள். கியர் பாக்ஸில் இருந்து பின்னால் போகும் ஷாஃப்ட் சில வண்டிகளில் ஒரே துண்டாக இருக்கும், சிலவற்றில் இரண்டு துண்டாக இருக்கும். குனிந்து அடியில் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு துண்டு என்றால் நடுவில் ஒரு பிராக்கெட், அதற்குள் ஒரு ரப்பர் வளையம், அதற்குள் ஒரு பேரிங். அந்த சென்டர் பேரிங்தான் இங்கே விஷயம். கிரெட்டா மாதிரி முன்சக்கரம் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அமைப்பே வேறு, அதை இதில் சேர்க்கவில்லை.

இது கெட்டுவிட்டால் பட்டறையில் மூன்று வழி சொல்வார்கள். பேரிங்கை மட்டும் மாற்றலாம், ரப்பரும் பிராக்கெட்டும் சேர்ந்த செட்டாக மாற்றலாம், ஷாஃப்டையே புதுசாகப் போடலாம். பழைய இரும்புக் கடையில் ஒரு ஷாஃப்ட் கிடக்கிறது என்று நான்காவதாக ஒன்றும் காதில் விழும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சுமை ஏற்றி மலை ஏறும் வண்டிக்கு செட்டாக மாற்றுவதுதான் சரி. பேரிங் மட்டும் மாற்றுவது ஒரே ஒரு நிலைமையில்தான் நியாயம், புது ஷாஃப்ட் இரண்டு மூன்று நிலைமைகளில்தான் தேவை.

ஆனால் அதற்கும் முன்னால், கெட்டது சென்டர் பேரிங்தானா என்று உறுதி செய்ய வேண்டும். ஏனென்றால் வண்டிக்கு அடியில் இருந்து வரும் எல்லாச் சத்தத்துக்கும் ஒரே பெயர் வைத்து, கிராஸ் (ஷாஃப்டைக் கோணத்தோடு இணைக்கும் சிலுவை மூட்டு), வீல் பேரிங், சென்டர் பேரிங் என்று வரிசையாகக் கழற்றிப் பில் போடும் பட்டறைகள் உண்டு. மலை ரோட்டில் இதைச் சோதிக்காதீர்கள், இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. கீழே இறங்கி, கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் விடிகாலையில் ரோடு காலியாக இருக்கும்போது போய்ப் பாருங்கள். ஐம்பது, அறுபதில் போகும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைக்காமல் வண்டியை அதன்போக்கில் ஓட விடுங்கள். உறுமல் அப்படியே நீடித்து வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால் எஞ்சினும் கிளட்சும் காரணமில்லை, சுற்றிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றுதான். அடுத்து லேசாக இடம் வலமாக ஒடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒடிக்கும்போது உறுமல் கூடி, மறுபக்கம் குறைந்தால் அது வீல் பேரிங். ஸ்டியரிங்குக்கு அசைந்து கொடுக்காமல் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் ஷாஃப்ட் பக்கம் வரும். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது ஒரு குரல், விட்டதும் வேறு குரல் என்று ஊளை மாறினால் பின்னால் இருக்கும், ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷியலைப் பாருங்கள்.

ஷாஃப்டின் அதிர்வையும் டயரின் அதிர்வையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. டிஃப்ரென்ஷியலில் பல் விகிதம் சுமார் நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றிவிடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 சுற்று என்றால் ஷாஃப்ட் 1,800. அதனால் டயர் பேலன்ஸ் போனால் மெதுவான ஆட்டமாக, பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். ஷாஃப்டில் கோளாறு என்றால் பொடி அதிர்வாகத் தரையிலும் சீட்டிலும் ஏறும்.

இப்போது முக்கியமான இடம். சென்டர் பேரிங் போய்விட்டது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. பேரிங்கின் குண்டுகள் தேய்ந்தால் சத்தம் வரும்: காய்ந்த அரிசியை ஆட்டுக்கல்லில் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, வேகத்தோடு சேர்ந்து ஏறும். சுற்றியிருக்கும் ரப்பர் கிழிந்தால் சத்தத்தைவிட உதறல்தான் முதலில் தெரியும். நின்ற இடத்தில் இருந்து கிளட்சை விடும்போது தரையில் ஒரு தட், அப்புறம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இழுக்கும்போது வண்டியே குலுங்கும், வேகம் எடுத்ததும் அடங்கிவிடும். ஆள் இல்லாமல் போனால் ஒன்றும் தெரியாது, பின்னால் ஆட்களையும் மூட்டையையும் ஏற்றியதும் மெட்டு என்கிற மலைச்சாலையின் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஆரம்பித்துவிடும். காரணம் இருக்கிறது. முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு மூன்றரை, நான்கு மடங்காகி ஷாஃப்டுக்கு வருகிறது, பாரத்தில் வண்டியின் பின்பக்கம் அமுங்கி ஷாஃப்டின் கோணமும் மாறுகிறது. கோணத்தோடு சுற்றும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் நடு பிராக்கெட்டை மேலும் கீழும் தள்ளும், அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வதற்குத்தான் ரப்பரே இருக்கிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை நிறை சுமையோடு ஏறும் வண்டிக்கு பேரிங்கைவிட ரப்பர் முன்னால் போவதில் ஆச்சரியமே இல்லை.

அடியில் போய்ப் பார்ப்பது இப்படி. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. எஞ்சின் நிறுத்தி, கியர் நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் சுற்றினால் கரகரப்பு விரலில் தெரியும். பிறகு பேரிங்கை ஒட்டி ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், அது இயல்பு. ரப்பர் அசையாமல் உள்ளே ஷாஃப்ட் மட்டும் கடகடவென்று ஆடினால் பேரிங் போச்சு. ரப்பரில் சுற்றிலும் வெடிப்பு இருந்தாலோ, ஒரு பக்கம் பிய்ந்து ஷாஃப்ட் கீழே உட்கார்ந்திருந்தாலோ ரப்பர் போச்சு. பேரிங்கின் ஓரத்தை மூடியிருக்கும் சீலைச் சுற்றித் துருநிறப் பொடி, வெளியே தெறித்த கிரீஸ் இரண்டும் தண்ணீர் உள்ளே போன அடையாளம். கிராஸையும் அப்படியே முறுக்கிப் பாருங்கள், இம்மி ஆட்டம் இருந்தாலும் அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதும் நம் ஊரை வைத்தே புரியும். ஜூன், ஜூலையில் கம்பம் பள்ளத்தாக்கில் புழுதி பறக்கும், அதே வண்டி மெட்டைத் தாண்டி இடுக்கிப் பக்கம் இறங்கியதும் தோட்டத்து மண்பாதையில் சேறும் ஓடைத் தண்ணீரும். ஏற்றத்தில் சூடான பேரிங் மேல் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் விளிம்பு வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்த பேரிங்குக்கு வெளியில் இருந்து கிரீஸ் அடித்துப் பயனில்லை, மூடி வருவது அது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருப்பது கிராஸுக்கும், ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடும் பல் வெட்டிய ஸ்ப்ளைனுக்கும்தான், அங்கே தவறாமல் அடியுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பேரிங் மட்டும் மாற்றுவது செலவு குறைவு, சில நூறு ரூபாய் பொருளும் கூலியும். ரப்பர் இளக்கமாக, வெடிப்பில்லாமல், நடுமையம் தவறாமல் இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம், உதாரணமாக செட்டு மாற்றிக் கொஞ்ச காலமே ஆகி, மழையில் பேரிங் மட்டும் கரகரத்தால். அப்போதும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே அளவில் இரும்பு மூடி போட்டதும் வரும், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டதும் வரும். எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்று இருந்தால் பெரும்பாலும் இரும்பு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர். இந்தச் சேற்றுக்கு ரப்பர் சீல்தான். போலியும் நிறையப் புழங்குகிறது. எஸ்கேஎஃப் வாங்கினால் அவர்களுடைய ஆதென்டிகேட் செயலியில் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கலாம். என்பிசி, எஃப்ஏஜி எதுவானாலும் பில் தரும் கடையில் வாங்குங்கள்.

இந்த வழியின் பெரிய குறை வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது. பேரிங்கை ரப்பருக்குள் இருந்து எடுத்து வேறொன்றைச் செருகும்போது, வயதான ரப்பர் அங்கேயே கிழிகிறது. என் மச்சான் வண்டியில் நடந்தது அதுதான். "ரப்பர் இன்னும் தாங்கும்ணே, எதுக்கு வெட்டிச் செலவு" என்று பட்டறையில் சொல்ல, அவனும் தலையாட்டிவிட்டான். கரகரப்பு நின்றது உண்மை. உதறல் நிற்கவே இல்லை, அந்த மழைக்காலம் முடிவதற்குள் ரப்பர் பிய்ந்து ஷாஃப்ட் பிராக்கெட்டில் இடித்தது. திரும்பவும் கழற்றல், திரும்பவும் கூலி, அதோடு தோட்டத்துக்கு ஆள் போகாத நாட்கள். ஏலக்காய் எடுப்பு நேரத்தில் வண்டி நின்றால் அதன் விலை பேரிங்கின் விலையைவிடப் பெரிது.

செட்டாக மாற்றினால் பேரிங், ரப்பர், பிராக்கெட் மூன்றும் ஒன்றாக, கம்பெனியில் மையம் பார்த்து அழுத்தியபடி வருகிறது. பொருள் விலை கூடும், கூலி ஏறக்குறைய அதேதான், ஏனென்றால் இரண்டுக்கும் ஷாஃப்டை இறக்கியே ஆக வேண்டும். இந்தக் கணக்கு ஒன்றே எனக்குப் போதும். செட்டிலும் தரம் பார்க்க வேண்டும்: பெயரில்லாத டப்பாவில் வரும் மலிவுச் செட்டின் ரப்பர் கல் மாதிரி இருந்தால் வேண்டாம், அதிர்வை அது வாங்காமல் நேராக பாடிக்கு அனுப்பிவிடும்.

முழு ஷாஃப்ட் இதற்குப் பல மடங்கு விலை. குழாயில் நசுங்கல் இருந்தால், ஸ்ப்ளைனில் ஆட்டம் வந்திருந்தால், பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேலேயே வழுக்கிச் சுற்றி அந்த இடம் தேய்ந்திருந்தால் மட்டும் இது. தேய்ந்த இடத்தில் பஞ்ச் அடித்துப் புள்ளி புள்ளியாக மேடாக்கி பேரிங்கை இறுக்கித் தரும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது, தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஒரு சில மெட்டு ஏற்றத்துக்குள் அது தளர்ந்துவிடும், ஆள் ஏற்றும் வண்டியில் ஷாஃப்ட் நடுவில் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஷாஃப்ட் பற்றிச் சுருக்கமாக. கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ கிடைக்கும். ஒரே பெயர் வண்டியிலும் வருஷத்துக்கு வருஷம் நீளமும், போல்டு போட்டு இணைக்கும் முனைத்தட்டான ஃபிளாஞ்சும் மாறலாம் என்பதால் உங்கள் ஷாஃப்டைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். குழாயில் ஒட்டியிருக்கும் சின்ன இரும்புத் துண்டுகள்தான் பேலன்ஸ் எடைகள், அவை உதிர்ந்த தழும்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். வாங்கினாலும் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக்கூடாது. அதற்கும் செலவு சேர்ந்தால் லாபம் அவ்வளவாக மிஞ்சாது.

யாரிடம் கொடுப்பது? வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ், யோசிக்கவே வேண்டாம். வாரண்டி முடிந்த வண்டிக்கு எனக்கு உள்ளூர்ப் பட்டறைதான் பிடிக்கும். சில வண்டிகளின் பாகப் பட்டியலில் சென்டர் பேரிங் தனியாக இல்லாமல் ஷாஃப்டோடு சேர்த்தே வருகிறது, அப்போது சர்வீஸ் சென்டரில் முழு ஷாஃப்டுக்குத்தான் எஸ்டிமேட் போடுவார்கள், வெளியில் செட்டு கிடைத்தாலும். கம்பத்திலும் கட்டப்பனையிலும் நாள் முழுக்க ஜீப்புக்கு அடியிலேயே கிடக்கும் அண்ணன்களும் சேட்டன்களும் இருக்கிறார்கள், சத்தத்தை வைத்தே பாதி சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் மிஷின் இருக்கிறதா? பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது பேரிங்கின் குண்டுத்தடத்தில் அன்றைக்கே குழி விழுந்துவிடும்.

மாட்டும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றும் முன்பே ஃபிளாஞ்சிலும் ஸ்ப்ளைனிலும் இரண்டு பக்கமும் சேர்த்து பெயின்டால் கோடு போடச் சொல்லுங்கள். ஸ்ப்ளைன் ஒரு பல் தள்ளி ஏறினாலும் முன்னும் பின்னும் இருக்கும் கிராஸ்களின் நேர் கெட்டு, புதுப் பொருள் போட்ட பிறகும் அதிர்வு வரும். பிராக்கெட்டுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால் எத்தனை இருந்தனவோ அத்தனையும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும், ஷாஃப்டின் கோணத்தை வைத்திருப்பது அவைதான். நடு நட்டு பழையது வேண்டாம், புதுசு போட்டு, அந்த வண்டிக்குச் சொல்லியிருக்கும் டார்க்கில், அதாவது முறுக்கு அளவில், இறுக்க வேண்டும். பிராக்கெட் போல்டுகளை முதலில் லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு, பிராக்கெட் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து முழுசாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முதல் நாளே ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும்.

எல்லாம் முடிந்தும் அதிர்வு மிச்சமிருந்தால் உடனே புது பேரிங்கைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஸ்ப்ளைனில் போட்ட கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். நேராக இருந்தால் டிஃப்ரென்ஷியல் ஃபிளாஞ்சில் இருக்கும் நான்கு போல்டுகளையும் கழற்றி, ஷாஃப்டை அரைச் சுற்று திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள், ஃபிளாஞ்சில் கோடு போடாமல் கழற்றிய வண்டிகளில் பல நேரம் இதிலேயே அடங்கிவிடும். அப்படியும் அடங்கவில்லையென்றால் ஷாஃப்டை இறக்கி மதுரையிலோ கோவையிலோ ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், இரண்டு துண்டையும் சென்டர் பேரிங்கோடு சேர்த்தே மிஷினில் ஏற்றச் சொல்லுங்கள்.