கால் நீளமானவர்களே, நடுக்கம்பியை நம்பி மலை சைக்கிள் வாங்காதீர்கள்

என் தம்பிக்கு மலைப்பாதை சைக்கிள் வாங்கப் போய், கோவையில் ஒரு கடையில் 52,000 ரூபாய் கொடுத்து ஏமாந்து நிற்கிறோம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே காட்டிய அதே வித்தையை எந்தக் கடையிலும் காட்டலாம் என்பதால், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தம்பியின் உயரம் 172 சென்டிமீட்டர். அதில் பெரும்பங்கு காலுக்கே போய்விட்டது. நின்றால் என்னைவிட உயரம், உட்கார்ந்தால் என்னைவிடக் குட்டை. கையும் நீளமில்லை. கடைக்காரர் சுவரில் இருந்த உயர அட்டவணையைப் பார்த்தார். மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவே வந்தது. உடனே ஒரு லார்ஜ் சைக்கிளை உருட்டி வந்து, "காலை இருபுறமும் போட்டு நில்லுங்கள் தம்பி" என்றார். நின்றான். சைக்கிளை அப்படியே மேலே தூக்கி, சீட்டிலிருந்து ஹேண்டில்பார் பக்கம் ஓடும் நடுக்கம்பி தொடையிடுக்கில் இடிப்பதற்குள் நான்கு விரல் இடைவெளி இருப்பதைக் காட்டினார். "பாருங்கள் சார், அளந்து செய்ததுபோல் இருக்கிறது." மீடியம் ஒன்றைக் காட்டச் சொன்னேன். "தேவையே இல்லை, சிறியதாகிவிடும்" என்று பதில் வந்தது. மீடியம் இருப்பிலேயே இல்லை என்பது, பிறகு சர்வீசுக்குப் போனபோது அங்கே வேலை பார்க்கும் பையன் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது.

கால் நீளமானவர் தனக்குப் பெரிதான ஃபிரேமின் மேல் நின்றாலும் பெரும்பாலும் நடுக்கம்பி இடிக்காது. அந்த இடைவெளி, இறங்கும்போது அடிபடாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். ஓட்டும்போது உடல் எவ்வளவு முன்னால் நீள வேண்டும் என்பதைச் சொல்வது 'ரீச்' என்ற அளவு: பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாயின் மேல்முனை வரை கிடைமட்டமாக உள்ள தூரம். மீடியத்துக்கும் லார்ஜுக்கும் இது பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் மாறும். கேட்பதற்குச் சிறிய எண். மேலுடல் குட்டையானவருக்கு அது தோளிலும் கழுத்திலும் கையிலும் போய் உட்காரும்.

தம்பிக்கு அப்படித்தான் ஆனது. மருதமலை அடிவாரத்து மண்பாதைகளில் ஓட்டிவிட்டு வந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கும். சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுவான். உடல் எடை அதிகமாக உள்ளங்கையில் சாய்ந்து அங்குள்ள நரம்பை அழுத்துவதால் வருவது இது. கடையில் சொன்னோம். சீட்டை முன்னே தள்ளிக் கொடுத்தார்கள். கை கொஞ்சம் தேறியது, முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கியது. சீட்டின் இடம் காலுக்கும் பெடலுக்கும் பொருந்த வேண்டியது. கைக்கு எட்டவில்லை என்பதற்காக அதை நகர்த்தக் கூடாது. அடுத்து, தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு 70 மில்லிமீட்டர் ஸ்டெமை, அதாவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் முன்துண்டைக் கழற்றி 35 மில்லிமீட்டர் ஸ்டெம் மாட்டினார்கள். இப்போது செங்குத்தான ஏற்றங்களில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. மாற்றித் தாருங்கள் என்றால், "ஓட்டிய வண்டி, எடுக்க முடியாது" என்கிறார்கள்.

எனக்கு மிகவும் கோபம் தருவது, இதற்கு எளிய வழி முதலிலேயே இருந்தது என்பதுதான். நீளமான காலுக்கு மீடியம் ஃபிரேமில் 400 மில்லிமீட்டர் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) போட்டு உயர்த்திக்கொள்ளலாம். எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடு ஃபிரேமின் குழாய்க்குள்ளேயே இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. சீட் உயர்ந்து ஹேண்டில்பார் தாழ்ந்ததாகத் தெரிந்தால், மேல்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் ஸ்டெமுக்கு அடியில் வளையங்களும் போதும். அந்த வளையங்களும் ஸ்டெமும் மாட்டப்படுவது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலிருந்து தலைக்குழாய் வழியே மேலே வரும் தண்டில்தான். அதனால், ஓட்டிப் பார்த்து உயரம் முடிவாகும்வரை அந்தத் தண்டை வெட்ட விடாதீர்கள். வெட்டினால் மீண்டும் நீளாது. காலுக்கு இத்தனை வழி உண்டு. நீண்டுபோன ஃபிரேமைக் குறுக்க வழியே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். வெறுங்காலுடன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதுதான் உங்கள் கால் நீளம். கைகளை விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து உயரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்து, கால் நீளம், கை குட்டை என்றால் சிறியதைக் கேளுங்கள். கால் குட்டையாக, உடல் நீளமாக இருப்பவருக்கு ரீச்தான் முதலில். ஆனால் நடுக்கம்பி இடைவெளி அவருக்கு உண்மையிலேயே முக்கியம், மண்பாதைக்கு ஐந்து சென்டிமீட்டராவது வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் மீடியம் வேறுபடும் என்பதால், அந்த மாடலின் ரீச் எத்தனை என்று எண்ணாகவே கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு அளவையும் ஏறி ஓட்டிப் பாருங்கள். பரிந்துரைத்த அளவையும் மாற்றித் தரும் காலக்கெடுவையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இதே வகையில் உங்களுக்கும் தவறான அளவைத் தலையில் கட்டியிருந்தால், எந்த ஊர், கடைக்காரர் என்ன சொல்லி விற்றார் என்று எழுதுங்கள்.