பில்லில் புது ட்ரான்ஸம், உள்ளே உக்கிய பலகை

பழைய ஃபைபர் கிளாஸ் போட் ஒன்றை வாங்கித் திருத்தக் கொடுக்க நினைப்பவர்கள், குறிப்பாக ஒன்ராறியோவில் இருப்பவர்கள், காசு கட்டுவதற்கு முன் இதை ஒருக்கால் வாசியுங்கள். பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. விவகாரம் சிறு வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது.

என்னுடையது 1973-ல் கட்டிய 16 அடி ட்ரை-ஹல். முன்பக்கம் மழுங்கலாக, அடியில் மூன்று வரம்பு ஓடும் அந்தக் காலத்துப் போட். விற்றவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பைன் மரத்துக்குக் கீழே மூடாமல் கிடந்தது, உள்ளே என்ன கதியோ தெரியாது என்று நேராகவே சொல்லி, ட்ரெய்லர் விலைக்குத்தான் தந்தார்.

இந்தப் போட்டுகளில் ஃபைபர் கிளாஸ் உக்காது. உக்குவது அதற்குள் இருக்கும் மரம். மோட்டார் தொங்குகிற பின்சுவரை ட்ரான்ஸம் என்பார்கள். அதன் நடுவே தடித்த பிளைவுட். தரைக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்களும் மரச்சட்டங்கள்தான். அவற்றுக்கு இடையே மிதப்புக்காக ஊற்றிய ஃபோம். ஏதாவது ஒரு ஆணித் துளையில் தண்ணீர் இறங்கினால் போதும், வெளியே மினுங்கிக்கொண்டே உள்ளே கூழாகிவிடும். அதனால்தான் பட்டறைக்காரரிடம் போனபோதே, பெயின்ட் எனக்கு முக்கியமில்லை, மரம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றேன். அவரும் ட்ரான்ஸம், ஸ்ட்ரிங்கர், தரை, ஃபோம் எல்லாம் புதிது, ஒட்டுவது எப்பொக்சி (இறுகிக் கெட்டியாகும் ஒட்டு ரெசின்) என்று எழுதி 6,800 டொலர் மதிப்பீடு தந்தார்.

இலையுதிர் காலத்தில் கொடுத்த போட் கோடையில் கைக்கு வந்தது. பில் 8,900. 'உள்ளே நினைத்ததைவிட மோசம்' என்றார். கூடுதல் வேலைக்கு என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. காசு கட்டாமல் போட்டை எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் முதலில் இடித்தது மணம். புது பிளாஸ்டிக் பொம்மையைப் பிரித்தால் வரும் அந்த இனிப்பான, தலையிடிக்கிற மணம். அது ஸ்டைரீன், பொலியெஸ்டர் ரெசினில் இருப்பது. எப்பொக்சியில் ஸ்டைரீன் கிடையாது. அதுவும் வாரக்கணக்கில் போகாமல் நின்றது என்றால் ரெசின் சரியாக இறுகவே இல்லை. பொலியெஸ்டர் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. இவருடைய கொட்டகையில் ஹீட்டர் இல்லை, வேலை நடந்ததோ மாரியில். தரைக்குக் கீழே கையை விட்டுத் தடவினால் விரல் பிசுபிசுத்தது.

சிம்கோ ஏரியில் இரண்டு தரம் ஓடியிருப்பேன். மோட்டார் பூட்டிய போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள். மயிலிட்டியில் கடலோடு வளர்ந்த மாமா ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். வந்து பார்த்தார், சுத்தியல் பிடியால் ட்ரான்ஸத்தை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே போனார். மேல் ஓரம் 'டக் டக்' என்று கேட்டது. கீழே வர வர ஈரமான மட்டைப் பெட்டியில் தட்டுகிற மாதிரி. "தம்பி, உதுக்குள்ள பலகை இல்ல, சேறுதான் கிடக்குது" என்றார். பிறகு மோட்டாரை மேலே சாய்த்துவிட்டு அதன் அடிக்காலில் கையை ஊன்றி அமுக்கச் சொன்னார். ட்ரான்ஸம் கண்ணுக்குத் தெரிய அசைந்தது. புதுப் பலகை அசையாது.

உட்பக்கமாக, அடியில் கால் அங்குலத் துளை போட்டோம். நல்ல மரமென்றால் வெளிர் நிறத்தில் காய்ந்த சுருள் வரவேண்டும். எங்களுக்கு வந்தது தேயிலைச் சாயத் தண்ணீர், அதன் பின்னால் கறுத்த கூழ்.

இன்னொருவரிடம் கொடுத்து வெட்டிப் பார்த்தபோது முழுக் கதையும் வெளிச்சத்துக்கு வந்தது. 1973-ஆம் ஆண்டுப் பலகை அப்படியே இருந்தது. அதன் மேல் சொப்ட் மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பு ஒரேயொரு படை, அதற்கு மேல் ஜெல் கோட் என்கிற மினுங்கும் வெளிப்பூச்சு. பழைய போல்ட் துளைகளை அடைத்திருந்தது காரின் வெளித்தகட்டுக்குப் பூசும் புட்டி; தண்ணீருக்குக் கீழே அது ஈரத்தை உறிஞ்சும். போல்ட்டுகளுக்கு அடித்திருந்தது குளியலறை சிலிக்கோன். தரைப் பலகை மட்டும் உண்மையாகவே புதிது. அதைக் கழற்றினால் பழைய ஃபோம், கையால் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. வாகனம் இழுக்குமோ என்று பார்ப்பதற்காக, கொடுக்கிறதுக்கு முதலே கழிவு நிலையத் தராசில் ஏற்றிச் சீட்டு எடுத்திருந்தேன். திரும்பவும் கொண்டுபோய் நிறுத்தினேன். ஈர மரமும் ஃபோமும் போயிருந்தால் பாரம் இறங்கியிருக்க வேண்டும்; ஒரு இறாத்தல்கூடக் குறையவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது பட்டறைக்காரர் எனக்குப் படங்களும் அனுப்பியிருந்தார். ட்ரான்ஸம் திறந்து கிடக்கும் படம் ஒன்றைப் பார்த்து அப்போது சந்தோஷப்பட்டதும் உண்மை. அதில் தண்ணீர் வடியவிடும் அடித் துளை இடப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. என் போட்டில் அது நட்டநடுவே. அது வேறு யாரோ ஒருவருடைய போட்!

அவரிடம் போய்க் கேட்டால், "வின்டேஜ் போட்டென்றால் ஈரம் இருக்கத்தான் செய்யும், வின்டேஜுக்கு நாங்கள் உத்தரவாதம் கொடுப்பதில்லை" என்கிறார். காசு வாங்கும்போது அந்த வயது அவருக்குத் தெரியவில்லையாக்கும்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டி அறவிடக் கூடாது என்று ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, நீங்கள் மாற்றத்துக்குச் சம்மதித்தால் ஒழிய. அந்தக் கணக்கில் என்னிடம் 7,480-க்கு மேல் கேட்டிருக்கவே முடியாது. அதேநேரம், காசு கட்டும்வரை பொருளைப் பிடித்து வைக்கத் திருத்துபவருக்கு உரிமை தரும் சட்டமும் இங்கே இருக்கிறது. தகராறு என்றால் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் பொருளை மீட்கலாம். காசைப் பட்டறைக்காரர் கையில் கொடுத்தபிறகு திருப்பி எடுப்பது வேறு பாடு.

வேலைக்குக் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: வெட்டி எடுத்த பழைய பலகை உங்களுக்குத் திரும்ப வரவேண்டும். உண்மையாக மாற்றுகிறவருக்கு அதில் செலவில்லை, குப்பைக்குப் போகிற சாமான்தானே. பாதி வேலையில் ஒரு தரம் நேரில் போய்ப் பாருங்கள். திறந்திருக்கும் போட்டையும் அதன் பதிவு எண்ணையும் ஒரே படத்தில் எடுங்கள். ரெசின் டப்பாவின் லேபலையும் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது. 'இப்போது வரவேண்டாம், தூசி' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

இரண்டாவது ஆள் வெட்டிய துண்டில் ஒன்று, ஒரு அடி நீளம், பிளாஸ்டிக் பையில் கட்டி என் கராஜில் இருக்கிறது. தராசுச் சீட்டுகள், படங்கள், பில் எல்லாம் நீதிமன்றத்தில் கொடுத்தாயிற்று. போன கிழமை எதிர்த்தரப்பின் பதில் வந்தது. வெளிப்பூச்சு வேலைக்கு மட்டுமே உடன்பாடு, மரம் மாற்றுவதாக ஒருபோதும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கையெழுத்தோடு என்னிடம் இருக்கும் பில்லின் முதல் வரி: 'ட்ரான்ஸம் முழுமையாக மாற்றியது, 2,400 டொலர்.'