‘கெய்ரோ’ ஆற்றுப் போர்க்கப்பல்: அட்டை மாதிரித் தொகுப்பு மதிப்புரை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் மிசிசிப்பி ஆற்றில் சண்டையிட்ட ‘கெய்ரோ’ என்னும் இரும்புக் கவசக் கப்பலை, நூற்றில் ஒரு பங்கு அளவில் வெட்டி ஒட்டிச் செய்வதற்கான அட்டைத் தொகுப்பை இணையத்தில் வாங்கி, பாளையங்கோட்டை வீட்டில் செய்து முடித்தேன். வடிவத்தைப் பொறுத்தவரை அருமையான தொகுப்பு. ஆனால் அந்தக் கப்பலின் விதியைத் தீர்மானித்த இடங்களிலேயே தவறியிருக்கிறது.

175 அடி நீளமும் 51 அடி அகலமும் உள்ள கப்பல் மேசைமேல் 53 சென்டிமீட்டர் நீளத்தில் வந்து நிற்கிறது. தூத்துக்குடியில் கடலோடும் தோணிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த அகலம் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் சாமுவேல் பூக் வரைந்து, ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிக் கொடுத்த, கெய்ரோ உட்பட ஏழு கப்பல்களும் ஆறடி நீரில் மிதந்தாக வேண்டும் என்பதால், இத்தனை எடையைத் தாங்க அகலத்தைத் தவிர வேறு வழி இல்லை. கவிழ்த்து வைத்த பனையோலைப் பெட்டிபோல் உள்நோக்கிச் சாய்ந்த சுவர்களும், குண்டு படாதபடி கப்பலுக்கு உள்ளேயே பின்பகுதியில் ஒளித்து வைக்கப்பட்ட 22 அடித் துடுப்புச் சக்கரமும் துல்லியமாக அமைந்துள்ளன. முன்புறம் 3, பக்கத்துக்கு 4, பின்புறம் 2 என 13 பீரங்கிகளும் சரியாக உள்ளன.

முதல் குறை கவசம். தொகுப்பில் சுற்றிலும் இரும்புத் தகடு அச்சிடப்பட்டிருக்கிறது. உண்மையில் இரண்டரை அங்குலத் தகடு, எதிரியை நேருக்கு நேர் சந்திக்கும் முன்சுவரிலும், பக்கங்களில் கொதிகலன், இயந்திரம் இருக்கும் பகுதியிலும் மட்டுமே பொருத்தப்பட்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் வெறும் மரம்தான். இதே வகையைச் சேர்ந்த ‘மவுண்ட் சிட்டி’ 1862 ஜூன் 17 அன்று ஒயிட் ஆற்றில் குண்டடிபட்டு, நீராவிக் கலம் உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் வெந்து மடிந்ததை அறிந்தவர்கள், கவசம் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் பிரித்துக் காட்டாத மாதிரியை ஏற்க மாட்டார்கள்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது: நீர்மட்டத்துக்குக் கீழே எதுவுமே இல்லை. 1862 ஜூன் 6 மெம்பிஸ் சண்டையில் பங்கேற்ற கெய்ரோவை, அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று யாசூ ஆற்றில் முடித்து வைத்தது, கவசமற்ற அந்த மர அடிப்பகுதிதான். ஆற்றில் மறைத்து வைத்த கண்ணிவெடிகள் அதைக் கிழித்துவிட, செல்ஃப்ரிட்ஜ் தலைமையிலான அக்கப்பல் ஏறத்தாழ 12 நிமிடங்களில் மூழ்கியது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. நூறாண்டுகளுக்குப் பின், 1964-இல், சேற்றிலிருந்து தூக்கப்பட்ட அதன் எச்சங்கள் இன்று விக்ஸ்பர்க் தேசிய இராணுவப் பூங்காவில் இருக்கின்றன. பார்த்துச் செய்ய அசலே இருக்கும்போது அடிப்பகுதியை விட்டுவிட்டதற்குச் சமாதானம் கிடையாது.

அட்டை நல்ல தடிமன். மடிப்புக் கோடுகள் பிசகவில்லை. ஆடிக் காற்றுக் காலத்தில் மட்டும் சன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். புகைபோக்கித் துண்டுகள் பறந்தால் மாற்றுத் துண்டு கிடையாது. பொறுமையுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். பக்கச் சுவர்களின் மரப் பகுதிக்குத் தனி நிறம் தீட்டி, இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தட்டையான அடிப்பகுதி ஒன்றை வேறு அட்டையில் செய்து ஒட்டிவிட்டால் போதும்.