அதே விலைதான், ஆனால் வாங்காதீர்கள்

"அண்ணே, உங்க லேப்டாப்போட புது மாடல் அதே 1,500 வெள்ளிக்கு வருது, மெமரி மட்டும் ரெண்டு மடங்கு. வாங்கலாமா?" என்று உட்லண்ட்ஸ் நண்பர் கேட்டிருந்தார். என் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரிலிருந்து திரும்பிய சூட்டிலேயே இதை எழுதுகிறேன்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திரை அருமை. காலையில் சார்ஜ் போட்டால் வேலை முடியும்வரை தாங்கும். விசிறிச் சத்தம் கிடையாது. இதற்கு முன் வைத்திருந்தது பக்கத்தில்கூட வராது.

ஆனால் கீபோர்டில் ஒரே ஒரு விசை அழுந்தவில்லை. கடைக்காரர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். கீபோர்டு மேல்பாகத்தோடு சேர்த்து அறையப்பட்டிருக்கிறது, அதன்மேல் பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு விசைக்காக மூன்றையும் மாற்ற வேண்டும். மெமரியும் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. பிறகு கூட்டவே முடியாது. பழைய லேப்டாப்பில் இரண்டு திருகாணி கழற்றினால் போதும், நானே மாற்றிவிடுவேன்.

நண்பரின் கேள்வி, பணவீக்கத்தை அளக்க உதவும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டைத் தயாரிப்பவர்களுக்கும் உள்ளதுதான். விலை அதே, மெமரி இரட்டிப்பு என்றால் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட முடியாது. கூடுதல் மெமரியின் மதிப்பைக் கணித்துப் புது மாடலின் விலையிலிருந்து கழிப்பார்கள். குறியீட்டில் விலை இறங்கியதாகவே பதிவாகும். பல மாடல்களின் விலையையும் அம்சங்களையும் சேர்த்து வைத்து, எந்த அம்சத்துக்கு எவ்வளவு விலை என்று பிரித்தெடுப்பது இதற்கு ஒரு வழி. 1939இலேயே அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்ட்ரூ கோர்ட் கார்களுக்கு அதைச் செய்து காட்டினார். அமெரிக்கக் குறியீடு பணவீக்கத்தை ஆண்டுக்கு 1.1 விழுக்காட்டுப் புள்ளி கூட்டிக் காட்டுகிறது என்று 1996இல் மைக்கேல் போஸ்கின் தலைமையிலான பொருளியலாளர் குழு சொன்னபோது, அதில் பாதிக்கு மேல் தர உயர்வையும் புதுப் பொருள்களையும் சரியாகக் கணக்கில் எடுக்காததால் வந்தது என்றது.

கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் வேறு. சிப், மெமரி, சேமிப்பிடம் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை எளிதாக அளந்துவிடலாம். கழற்றி மாற்றும் வசதி போனதை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. மெமரி கூடியது தர உயர்வு என்றால், அதை நாமே கூட்டிக்கொள்ள முடியாமல் போனது தர இறக்கம்தானே? அதற்காகக் குறியீட்டில் விலை ஏறியதாகவும் பதிய வேண்டாமா?

திரைக்கும் பேட்டரிக்கும் இன்றும் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். ஆனாலும் வாங்காதீர்கள் தம்பி. அடிமூடியைத் திறந்து மெமரி மாற்றக்கூடிய மாடலாகக் கேளுங்கள், கொஞ்சம் கனமாக இருந்தாலும் பரவாயில்லை. இதையேதான் வாங்குவேன் என்றால், கூடுதல் உத்தரவாதத்தோடு எடுங்கள். அதில் கீபோர்டும் அடங்குமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.