6,000 ரூபாய் கேம்கார்டரும் ஓடாத ஏவிஐ ஃபைலும்

அண்ணன் மகளின் காதுகுத்துக்காக ஆன்லைனில் 6,000 ரூபாய்க்கு ஒரு கேம்கார்டர் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 4கே, 16 மடங்கு ஜூம் என்றெல்லாம் இருந்தது. எந்த ஃபார்மெட்டில் பதிவாகும் என்பது மட்டும் பெட்டியிலும் இல்லை, உள்ளே மடித்து வைத்திருந்த தாளிலும் இல்லை.

விசேஷம் முடிந்து கார்டை லேப்டாப்பில் போட்டால் எல்லாமே ஏவிஐ ஃபைல்கள். விஎல்சி என்ற வீடியோ ப்ளேயரில் ஓடியது, சரி. டிவியில் சத்தம் மட்டும் வந்தது, அண்ணியின் போனில் அதுவும் இல்லை. “ஏன் தம்பி, போன்லயே எடுத்திருக்கலாமே?” என்றார்.

விற்றவரிடம் கேட்டால், ஃபைல் பெயரில் கடைசியில் எம்பி4 என்று மாற்றிப் பாருங்கள் என்கிறார். மிளகாய்த்தூள் டப்பாவில் காப்பித்தூள் என்று எழுதி ஒட்டினால் காப்பி வந்துவிடுமா? ஏவிஐ, எம்பி4 எல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கும் கோடெக்தான், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறைதான் சரக்கு. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தபோதுதான் மோஷன் ஜேபெக் என்று தெரிந்தது. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி ஜேபெக் படமாகச் சுருக்கி வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து இடத்தை மிச்சப்படுத்துகிற ஹெச்.264 என்ற இன்னொரு கோடெக்கின் சாமர்த்தியமெல்லாம் இதற்குக் கிடையாது. மலிவு சிப்புக்கு வேலை குறைவு, அந்தப் பாரம் முழுக்க நம் கார்டின் தலையில்: 1080 தரத்தில் நிமிடத்துக்கு 180 மெகாபைட் வரை தின்கிறது.

இன்னொரு கூத்து. கார்டில் ஃபைல்களை அடுக்கும் முறை ஃபேட்32, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 22 நிமிடம் ஆனதும் வெட்டிவிட்டு அடுத்த ஃபைலை ஆரம்பிக்கிறது, நடுவில் இரண்டு மூன்று நொடி காணாமல் போகிறது. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்ட நேரம் பார்த்து அது நடந்தது.

கடைசியில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் ஹெச்.264-க்கு மாற்றினேன். அதுவும் இலவசம்தான், ஆனால் என் பழைய லேப்டாப் ராத்திரி முழுக்க இரைந்தது. அளவு கால்வாசி ஆனது, டிவியிலும் போனிலும் ஓடுகிறது. மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையும் என்பதால் மூல ஃபைல்களை அழிக்கவில்லை.

படம்? வெயிலில் பரவாயில்லை, மண்டபத்துக்குள் ஒரே புள்ளி புள்ளியாக இருக்கிறது. அந்த 4கே என்பது சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதுதான், 1080-இலேயே வைத்துக்கொள்ளலாம். என் மார்க் 5-க்கு 2. வாங்குவதற்கு முன் ஹெச்.264 உண்டா என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்ப 7 நாள் கொடுத்திருந்தார்கள், நான் கார்டைத் திறந்து பார்த்தது 9-ஆம் நாள்.